கேட்காமல் விட்ட ஒரு கேள்வி

போன வாரம் பருத்திப்பட்டு ஏரிக்கரையில் காலை நடை போய்க்கொண்டிருந்தபோது நண்பர் ஒருவர் சேர்ந்துகொண்டார். அம்பத்தூர் எஸ்டேட்டில் நெடுநாள் லேத் பட்டறை வைத்திருந்தவர். பேச்சுவாக்கில், தம் பேரனுக்கு ஒன்றரை வயதாகியும் இன்னும் 'அம்மா' என்றுகூட வரவில்லை என்றார்.

"காது பார்த்தீங்களா?" என்று கேட்டேன்.

"பார்த்தாச்சு சார். நார்மல்னு எழுதிக் குடுத்துட்டாங்க."

"என்ன டெஸ்ட் எடுத்தாங்க?"

"காதுக்குள்ள சின்னதா ஒண்ணு வெச்சாங்க. ரெண்டு நிமிஷம்கூட ஆகல. பாஸ்னு வந்துது."

"பொறந்தப்போ குழந்தை ஐ.சி.யூ.வுல இருந்துதா?"

நண்பர் நடையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "பத்து நாள் இருந்தான். மஞ்சள் காமாலை. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

எனக்குத் தெரிந்த விதத்தைத்தான் இன்று எழுதப் போகிறேன். வழக்கமாக இங்கே பழைய ஆவடி, ரயில் பாஸ், தொழிற்சாலை கேன்டீன் என்று எழுதிக்கொண்டிருப்பவன் திடீரென்று மருத்துவம் பேசுகிறானே என்று நினைக்காதீர்கள். நான் மருத்துவன் இல்லை. பட்டுத் தெரிந்துகொண்டவன்.

என் மகள் 2016-ல் தலைப்பிரசவத்துக்கு ஆவடிக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். எட்டாம் மாதத்திலேயே வலி எடுத்துவிட்டது. பேத்தி பிறந்தபோது ஒன்றே முக்கால் கிலோகூட இல்லை. பதினெட்டு நாள் பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தாள். மஞ்சள் காமாலை ஏறி, ஒருநாள் இரவு ரத்தத்தை மாற்ற வேண்டியிருந்தது. பிழைத்து வீட்டுக்கு வந்ததே பெரிது என்று இருந்தோம். வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த ஃபைலில் ஒரு சின்னச் சீட்டு: 'செவித்திறன் ஸ்கிரீனிங், இரு காதும் பாஸ்'.

எட்டாம் மாதம் வாக்கில் என் மனைவிக்குத்தான் முதலில் சந்தேகம் வந்தது. குக்கர் விசில் அடித்தால் பிள்ளை திரும்பவில்லை. ஆனால் ஒருநாள் கதவு காற்றில் அடித்துச் சாத்தியபோது தூக்கிவாரிப் போட்டாள். "கேக்குது, ஆனா கேக்கல" என்று மனைவி சொன்னதும், "ஏதாவது ஒண்ணு சொல்லு" என்று நான் கோபித்துக்கொண்டேன். பின்னால் யோசித்துப் பார்த்தால், அந்த நோயை இவ்வளவு சரியாக யாருமே சொன்னதில்லை.

பேத்தியை எங்கள் பக்கத்தில் இருந்த ஒரு செவித்திறன் மையத்துக்குக் கொண்டுபோனோம். பெயர் வேண்டாம். அங்கிருந்த ஆடியாலஜிஸ்ட் படித்தவர், பண்பானவர். சுவரில் பட்டமும், மத்திய அரசின் பதிவு எண்ணும் சட்டம் போட்டு மாட்டியிருந்தன. வேலையிலிருந்தபோது முத்திரையும் எண்ணும் பார்த்தே பழகியவன் என்பதால் அதைக் கிட்டப் போய்ப் படித்தேன். எல்லாம் சரியாக இருந்தது. அவர் பேத்தியின் காதில் சின்ன முனையை வைத்து அதே சோதனையை மறுபடி எடுத்தார். "ஓ.ஏ.ஈ. பாஸ் சார். காது நல்லா வேலை செய்யுது. எட்டு மாசத்துல பொறந்த குழந்தைதானே, பேச்சு கொஞ்சம் லேட்டா வரும்." திரும்பும் வழியில் மைசூர்பாகு வாங்கிக்கொண்டு வந்தோம்.

ஏழு மாதம் போனது.

பதினாறாம் மாதம் தடுப்பூசிக்குப் போனபோது குழந்தை மருத்துவர் பேத்தியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒரு கல்லூரி மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே இருந்தது முப்பது வயதுகூட ஆகாத ஒரு பெண். மெஷின் பக்கமே போகவில்லை. முதலில் என் மகளை உட்காரவைத்துப் பேசினார். இரண்டாவது கேள்வியே இதுதான்: "பிறந்ததும் குழந்தை ஐ.சி.யூ.வில் இருந்ததா? எத்தனை நாள்?" பதினெட்டு நாள், ரத்தம் மாற்றினார்கள் என்றதும் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார். அந்த முகத்தைப் பார்த்ததுமே எனக்கு வயிற்றைக் கலக்கியது.

பிள்ளைக்கு உறக்க மருந்து கொடுத்து 'பெரா' சோதனை எடுத்தார்கள். அதில் அலை அலையாக வரவேண்டிய கோடு, கிட்டத்தட்ட நேராக ஓடியது.

அந்தப் பெண் எங்களுக்குப் புரியும்படி சொன்னதை அப்படியே எழுதுகிறேன். காதின் உட்பகுதியில், நத்தைக்கூடு போன்ற உறுப்பில், ஒலியைப் பிடிக்கும் நுண்ணிய மயிர்ச் செல்கள் இருக்கின்றன. ஓ.ஏ.ஈ. என்ற இரண்டு நிமிடச் சோதனை அவற்றில் ஒரு வகைச் செல்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று மட்டும் பார்க்கிறது. அங்கிருந்து மூளைக்குப் போகும் நரம்பு வழி சரியாக இருக்கிறதா என்பதை அது பார்ப்பதில்லை. பெரா அந்த வழியைப் பார்க்கிறது. குறைமாதம், மூச்சுத்திணறல், கடுமையான காமாலை என்று வந்த குழந்தைகளில் சிலருக்கு மயிர்ச் செல்கள் பிழைத்துக்கொள்ளும், நரம்பு வழி கெட்டுப்போகும். மைக் செட்டில் மைக் நன்றாக இருந்து ஒயரில் பழுது இருந்தால் எப்படியோ அப்படி. ஒலி விட்டுவிட்டு, கலங்கிப் போய்ச் சேரும். 'ஆடிட்டரி நியூரோபதி' என்று பெயர். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஐந்து நாளுக்கு மேல் இருந்த குழந்தைக்கு ஓ.ஏ.ஈ. மட்டும் போதாது, மூளைத்தண்டு வரை பார்க்கும் சோதனையும் வேண்டும் என்பது குழந்தைகளின் செவித்திறனுக்கென்று அமெரிக்காவில் உள்ள கூட்டுக்குழுவின் வழிகாட்டுதல். உலகம் முழுவதும் எடுத்துக்கொள்ளப்படும் வழிகாட்டுதல்தான்.

அதே குழுவின் இன்னொரு கணக்கையும் அன்று கேட்டேன்: பிறந்து ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் குறை உறுதி, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை தொடக்கம். 2019-ல் அதையும் சுருக்கி, முடிந்த இடங்களில் ஒன்று, இரண்டு, மூன்று மாதம் என்று இலக்கு வைத்தார்கள். பேச்சைக் கற்கும் மூளைக்கு அவ்வளவு அவசரம். எங்களுக்குப் பதினாறு மாதம் ஆகியிருந்தது.

இதில் என்னை இன்றுவரை உறுத்துவது வேறொன்று. இரண்டு வருடம் கழித்து எனக்கே காது மந்தமாகி, வேறு வழியில்லாமல் வீட்டுக்குப் பக்கத்திலிருந்த அதே மையத்துக்குப் போனேன். அதே நபர். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, ஒலி கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார். இருபது நிமிடத்தில் வரைபடம் வந்தது. பார்த்ததும் கேட்டார்: "நாலாயிரம் ஹெர்ட்ஸ்ல பள்ளம் விழுந்திருக்கே, ஃபாக்டரியா சார்?" அவ்வளவு கச்சிதம். இரைச்சலில் வேலை பார்த்தவன் காது அந்த இடத்தில்தான் முதலில் தேயும். ஆவடி டாங்க் தொழிற்சாலை, உடை தொழிற்சாலை, அம்பத்தூர் எஸ்டேட்டின் பிரஸ் ஷாப் என்று அவரிடம் நாள்தோறும் வருபவர்கள் என்னைப் போன்றவர்கள். அதனால் என்னைப் பார்த்ததும் கேட்க வேண்டிய கேள்வி அவர் நாக்கு நுனியில் இருந்தது. பேத்தியைப் பார்த்தபோது கேட்க வேண்டிய கேள்வி இல்லை. ஏனென்றால் அப்படிப்பட்ட குழந்தைகள் அவரிடம் எத்தனை பேர் வந்திருப்பார்கள்?

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபம், அவருடைய அறிவு எங்கே முடிகிறது என்பதை எங்களுக்குக் காட்டாத அந்தச் சட்டம் போட்ட எண்ணின் மேல்தான்.

நான் வேலை பார்த்தது கனரக வாகனத் தொழிற்சாலையின் ஆய்வுப் பிரிவில். வெல்டர்களின் தகுதித் தேர்வுகளைக் கூட இருந்து பார்த்த வருடங்கள் நிறைய. விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஐ.டி.ஐ. சான்றிதழ் இருந்தால் ஒருவர் வெல்டர். ஆனால் எந்த வேலையையும் அவரிடம் கொடுத்துவிட முடியாது. வெல்டிங் தகுதிச் சீட்டில் எந்த உலோகம், எவ்வளவு தடிமன், எந்த முறை, தட்டையாக வைத்தா, செங்குத்தாகவா, தலைக்கு மேலேயா என்று எல்லாம் எழுதியிருக்கும். தட்டையில் வைரம் போலப் பற்றவைப்பவர் தலைக்கு மேல் பிடித்தால் சொட்டச் சொட்ட விழும். அதில் அவருக்கு அவமானம் ஒன்றும் இல்லை, அது வேறு கை. பரவலாக உள்ள விதிமுறைகளில், ஆறு மாதம் அந்த முறையில் வேலை செய்யாமல் இருந்தால் சீட்டு காலாவதி. மறுபடி செய்து காட்ட வேண்டும்.

இரும்புத் தகட்டுக்கே இவ்வளவு பார்க்கிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பிறகு தேடிப் படித்தேன். இந்திய மறுவாழ்வு மன்றச் சட்டம், 1992. செவித்திறன், பேச்சு, சிறப்புக் கல்வி, உளவியல் என்று மறுவாழ்வுத் துறையில் தொழில் செய்பவர்கள் இந்த மன்றத்தின் மத்தியப் பதிவேட்டில் பதிந்திருக்க வேண்டும். பதியாமல் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பதிவேட்டில் பதினாறு வகையினர் உண்டு. ஆடியாலஜிஸ்ட்டும் பேச்சுப் பயிற்சியாளரும் சேர்ந்து ஒரு வகை. காது மெஷினும் காது அச்சும் செய்யும் டெக்னீஷியன் தனி வகை. அச்சு வார்ப்பவரைப் பிரித்துக் காட்டத் தெரிந்த பதிவேட்டில், பச்சிளங்குழந்தையின் காதைச் சோதிக்கத் தெரிந்தவரைப் பிரித்துக் காட்ட இடமில்லை.

இந்தத் தொழிலுக்கான பட்டப் படிப்பு நான்கு வருடம், கடைசி வருடம் பயிற்சிப் பணி. நமக்குப் பக்கத்தில் போரூர் ஸ்ரீ ராமச்சந்திராவிலேயே இந்தப் படிப்பு இருக்கிறது. அந்த நான்கு வருடத்துக்குள் முதியோர் காது, குழந்தை காது, திக்குவாய், பக்கவாதத்தில் போன பேச்சு, குரல் கோளாறு, அன்னப்பிளவு எல்லாம் அடங்க வேண்டும். ஒரு மாணவர் பயிற்சியின்போது நூறு குழந்தைகளைப் பார்த்திருக்கலாம், இன்னொருவர் பத்து. வெளியே வரும்போது இருவர் கையிலும் ஒரே பட்டம், ஒரே வகை எண்.

குழந்தையைச் சோதிப்பது அப்படி என்ன பெரிய வித்தை என்று கேட்கலாம். கல்லூரி மருத்துவமனை வராந்தாவில் மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்ததில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். பெரியவர்களுக்குப் பொத்தான் கொடுத்தால் போதும். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குப் பெரா போன்ற சோதனைகளே கதி, அதுவும் அது தூங்கினால்தான். ஆறு மாதத்துக்கு மேல், ஒலி வந்த பக்கம் தலையைத் திருப்பினால் அங்கே ஒரு பொம்மை விளக்கெரிந்து ஆடும்படி வைத்துப் பழக்குகிறார்கள். குழந்தை உண்மையிலேயே கேட்டுத் திரும்பியதா, சும்மா திரும்பியதா என்று நொடியில் முடிவு செய்ய வேண்டும். சில நிமிடத்தில் அதற்குச் சலித்துவிடும், அதற்குள் முக்கியமான ஒலிகளை முடித்திருக்க வேண்டும். மூன்று வயது வாக்கில், ஒலி கேட்டால் ஒரு மணியை டப்பாவில் போடு என்று விளையாட்டாக்குகிறார்கள். செவிப்பறை அசைவை அளக்கும் சோதனையில் பெரியவர்களுக்கு 226 ஹெர்ட்ஸ் ஒலி. சில மாதக் குழந்தைக்கு ஆயிரம் ஹெர்ட்ஸ் வைக்க வேண்டும், இல்லையென்றால் முடிவு தவறாக வரும். காது மெஷின் பொருத்துவதிலும் அப்படித்தான். குழந்தையின் காதுத் துவாரம் சின்னது என்பதால், பெரியவர் காதில் ஓர் அளவு ஒலி கொடுக்கும் மெஷின் குழந்தைக் காதில் பல டெசிபல் கூடுதலாகக் கொடுக்கும். அளந்து வைக்க வேண்டும். காது வளர வளர அச்சு மாறிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் 'கீ' என்று கத்தும், பிள்ளை பிடுங்கி எறியும்.

இது தனிக் கை என்பது நம் ஊருக்குத் தெரியாததும் இல்லை. காது கேளாத சின்னஞ்சிறு குழந்தைகளுக்கென்றே சென்னையில் பால வித்யாலயா 1969-லிருந்து நடக்கிறது. மைசூரில் உள்ள அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் நரம்புசார் செவியியலுக்கும், குற்ற வழக்குகளில் குரலை ஆராய்வதற்கும்கூடப் பட்டம் பெற்றவர்களுக்குத் தனிப் பட்டயப் படிப்பு வைத்திருக்கிறது. ஒரு தொழிலுக்குள் தனித் திறமையைத் தனியாகச் சான்று செய்யலாம் என்ற எண்ணம் இங்கேயே இருக்கிறது என்றுதானே பொருள்?

அமெரிக்காவில் செவியியல் வாரியம் ஒன்று, குழந்தைகள் செவியியலுக்கென்று தனிச் சான்று கொடுக்கிறது. பட்டம் முடித்துக் குறைந்தது இரண்டு வருட வேலை அனுபவம், அண்மைக் காலத்தில் குழந்தைகளோடு நேரடியாகப் பல நூறு மணி நேரம், அதன்பின் தனித் தேர்வு. கட்டாயம் கிடையாது. சான்று இல்லாதவர் குழந்தையைப் பார்க்கக் கூடாது என்று தடையும் இல்லை. ஆனால் பெற்றோருக்கு ஓர் அடையாளம் கிடைக்கிறது. கேட்கவும் பேசவும் பயிற்சி தருபவர்களுக்கு கிரகாம் பெல் பெயரிலுள்ள சங்கத்தின் சான்று ஒன்று தனியாக உண்டு. மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையில் சில வருடம் வேலை செய்து, தேர்வு எழுதிப் பெறுவது.

என் கருத்து இதுதான். நம் மறுவாழ்வு மன்றத்தின் பதிவேட்டில், ஆடியாலஜிஸ்ட் பெயருக்கு எதிரே 'குழந்தைகள்' என்று ஒரு கூடுதல் குறிப்பு வர வேண்டும். அது இன்னொரு பட்டமாக இருக்கக் கூடாது. மூத்தவர் ஒருவரின் கண் முன்னால், இத்தனை குழந்தைகளை, இந்தந்த வயதில், இந்தந்தச் சோதனைகளில் பார்த்திருக்கிறார் என்ற கணக்கின் மேல் நிற்க வேண்டும். கடைசியில் செய்து காட்டும் தேர்வு வேண்டும். தொழில் பதிவையே குறிப்பிட்ட வருடங்களுக்கு ஒருமுறை தொடர்கல்விப் புள்ளிகளோடு புதுப்பிக்கும் முறை ஏற்கெனவே இருக்கிறது. அந்தப் புதுப்பிப்பிலேயே இதையும் சேர்த்துவிடலாம்.

இதை ஆவேசமாக அந்த இளம்பெண்ணிடமே ஒருநாள் சொன்னேன். பேத்தியின் பயிற்சிக்காகப் போய்ப் போய்ப் பழகிவிட்டதால் அவர் உரிமையோடு பேசுவார். சிரித்தார்.

"இன்னொரு பேப்பர் வந்தா இன்னொரு ஃபீஸ் வரும் அங்கிள். என் சம்பளம் என்னன்னு தெரியுமா உங்களுக்கு? என்கூடப் படிச்சவங்க பாதிப் பேர் வெளிநாட்டுல. மீதியில சில பேர் மெஷின் விக்கிற கம்பெனியில. அங்கதான் காசு. இருக்கிறவங்களுக்கும் இன்னொரு வேலியப் போட்டா, திருத்தணிப் பக்கம் இருக்கிற குழந்தையை யார் பார்ப்பாங்க?"

நியாயமான கேள்வி. தொடர்ந்து இன்னொன்றும் சொன்னார்: "பேப்பரை வாங்கறதுக்கும் நம்ம ஊர்ல வழி இருக்கு. அப்புறம் எல்லாரும் அதையும் சட்டம் போட்டு மாட்டிடுவாங்க."

பல நாள் யோசித்தேன். அவர் சொன்னது என் கருத்தை மாற்றவில்லை, திருத்தியது. வேலி போடக் கூடாது. சான்று இல்லாதவர் குழந்தையைத் தொடக் கூடாது என்று இன்றைக்கு விதி போட்டால், கும்மிடிப்பூண்டியிலும் ஊத்துக்கோட்டையிலும் இருக்கும் குழந்தைக்கு இப்போது கிடைப்பதும் கிடைக்காமல் போகும். அதைவிட, சி.டி.எச். ரோட்டில் எந்தப் படிப்பும் இல்லாமல் கண்ணாடி அலமாரியில் மெஷினை அடுக்கிவைத்து விற்கும் கடைக்கே கூட்டம் போகும். அந்தக் கடைகளை இருக்கிற சட்டத்தை வைத்தே தடுக்கலாம். அது தனி வேலை, முதலில் நடக்க வேண்டிய வேலையும்கூட.

ஆனால் அரசின் பணம் போகும் இடத்திலிருந்து தொடங்கலாமே? 2013-ல் வந்த தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் பிறவிச் செவிட்டுத்தன்மையும் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய குறைகளில் ஒன்று. அதன்படி மாவட்டத்துக்கு ஓர் ஆரம்பநிலை இடையீட்டு மையம், அதில் காதுக்கும் பேச்சுக்கும் சேர்த்து ஒரு பணியிடம். ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கின்றன. கும்மிடிப்பூண்டி முதல் பள்ளிப்பட்டு வரை விரிந்த அந்த மாவட்டத்தில், குறை இருக்குமோ என்று சந்தேகப்படும் குழந்தை வந்து சேர வேண்டியது அந்த ஒருவரிடம். உலகக் கணக்கில் ஆயிரம் பிறப்புக்கு ஒன்றிலிருந்து மூன்று குழந்தைகளுக்குப் பிறவியிலேயே கேட்கும் குறை இருக்கிறது என்கிறார்கள். அத்தை மகன், மாமன் மகள் என்று சொந்தத்துக்குள் கட்டிக்கொடுக்கும் நம் பக்கத்தில் கூடுதலாகவே இருக்கும். அந்த ஒருவருக்காவது முதலில் குழந்தைகள் பயிற்சியைக் கொடுத்து, குறிப்பைப் பதிவேட்டில் ஏற்றி, கட்டணத்தை அரசே கட்டி, ஒரு இன்கிரிமென்ட்டும் கொடுக்கலாம். அவர் மையத்தில் பார்க்கும் குழந்தைகளே அவருடைய கணக்கில் ஏறிவிடும். எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையிலோ கல்லூரிகளிலோ உள்ள மூத்தவர் மாதம் இரண்டு முறை வந்து மேற்பார்த்தால் போதும்.

அடுத்து காக்ளியர் கருவி. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு லட்சக்கணக்கில் செலவாகும் இந்த அறுவை சிகிச்சை இலவசமாக நடக்கிறது. தமிழ்நாடு பெருமைப்பட வேண்டிய விஷயம், என் பேத்திக்கும் அதில்தான் நடந்தது. ஆனால் தலைக்குள் வைத்த கருவி தானாகப் பேசவைத்துவிடாது. அதன் ஒலி அளவுகளை மாதாமாதம் திருத்த வேண்டும், வாரம் இரண்டு நாள் கேட்கப் பழக்க வேண்டும். 'போதும், வலிக்குது' என்று சொல்லத் தெரியாத குழந்தையின் புருவத்தைப் பார்த்து அளவை முடிவு செய்ய வேண்டும். இவ்வளவு விலையுள்ள கருவியை அரசு வாங்கிக் கொடுக்கும்போது, அதைத் திருத்துபவர் குழந்தைகளோடு எத்தனை மணி நேரம் வேலை செய்திருக்கிறார் என்று கேட்பதில் என்ன தவறு?

விலைக்கு வாங்கப்படும் சான்று என்ற பயத்துக்கு எனக்குத் தெரிந்த பதில் தொழிற்சாலைப் பதில்தான். வெல்டர் தேர்வில் ஏமாற்றுவது கடினம். அங்கே எழுதுவதைப் பார்ப்பதில்லை, பற்றவைத்த துண்டை வளைத்துப் பார்க்கிறோம். இங்கேயும் கேள்வித்தாளை நம்பாமல், ஓர் ஒன்பது மாதக் குழந்தையை மடியில் உட்காரவைத்துச் சோதிக்கச் சொல்லிப் பார்க்கட்டும். சான்று இருந்தும் தப்பு நடக்கும், தெரியும். தகுதிச் சீட்டு வைத்திருந்த வெல்டரின் வேலையும் எக்ஸ்ரேயில் நிராகரிக்கப்பட்டிருக்கிறது. ஆனாலும் சீட்டே இல்லாமல் வேலையை ஆரம்பிக்கலாம் என்று யாரும் சொன்னதில்லை.

இதெல்லாம் நடக்கும்வரை வீட்டில் சின்னக் குழந்தை இருப்பவர்கள் தாங்களாகவே கேட்க வேண்டிய சில கேள்விகள் உண்டு. நாங்கள் கேட்கத் தெரியாமல் விட்டவை. உங்களுக்கு மறுவாழ்வு மன்றப் பதிவு இருக்கிறதா? வாரத்துக்கு இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள் எத்தனை பேரைப் பார்க்கிறீர்கள்? இன்று எடுத்த சோதனை எதைப் பார்த்தது, எதைப் பார்க்கவில்லை? குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்திருந்தால் அதை அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். தலைமுறையில் யாருக்காவது காது கேளாமை இருந்தாலும் சொல்லுங்கள். 'பாஸ்' சீட்டு கையில் இருந்தும் பாட்டிக்குச் சந்தேகம் இருந்தால், பாட்டியை நம்புங்கள். நல்லவர்கள் இந்தக் கேள்விகளுக்குக் கோபிக்க மாட்டார்கள். "எனக்குக் குழந்தைகள் அவ்வளவாக வருவதில்லை, இன்ன இடத்துக்குப் போங்கள்" என்று ஒருவர் சொன்னால் அவருக்கு நன்றி சொல்லிவிட்டு உடனே கிளம்புங்கள். அந்த ஒரு வாக்கியம் எங்களுக்கு ஏழு மாதத்தை மிச்சப்படுத்தியிருக்கும்.

பேத்தியைப் பற்றிக் கேட்பீர்கள். முதலில் காது மெஷின் போட்டுப் பார்த்தார்கள், பெரிதாகப் பலனில்லை. இரண்டே கால் வயதில் காக்ளியர் வைத்தார்கள். என் மகள் வேலையை விட்டாள். வாரம் இரண்டு நாள் பூந்தமல்லி வழியாகப் பஸ்ஸில் பயிற்சிக்குப் போய் வந்தார்கள், மூன்று வருடம். இப்போது சாதாரணப் பள்ளியில் படிக்கிறாள். பேசுகிறாள், சண்டை போடுகிறாள். கூட்டமான வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்தால் பாதி விளங்குவதில்லை. 'ச'வும் 'ஷ'வும் இன்னும் ஒன்றாகத்தான் வருகின்றன. ஏழு மாதம் முன்னால் தெரிந்திருந்தால் எவ்வளவு வித்தியாசம் இருந்திருக்கும் என்று அந்தப் பெண்ணிடம் ஒருமுறை கேட்டேன். "அதைக் கேக்காதீங்க அங்கிள்" என்றார்.

ஏரிக்கரை நண்பரிடம் அன்றே அந்தப் பெண் வேலை செய்யும் இடத்தின் விவரத்தைக் கொடுத்தேன். பெராவுக்கு வருகிற செவ்வாய்க்கிழமை நாள் கிடைத்திருக்கிறது. சோதனைக்குக் குழந்தை தூங்க வேண்டும் என்பதால் முந்தின இரவு தாமதமாகத் தூங்கவைத்து, காலையில் சீக்கிரம் எழுப்பச் சொல்லியிருக்கிறார்கள். "ஒண்ணும் இருக்காதில்ல சார்?" என்று நேற்று மறுபடி கேட்டார். இருக்காது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானும் கூட வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.